சூசை மாமா குத்திக்கொண்ட மெடல்

நேற்று குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தபோது எழுந்த வாசனையில் சூசை மாமா நினைவுக்கு வந்தார். இலங்கை மலையகத்து டிக்கோயாவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், அடுத்த காம்பரா அறையில் குடியிருந்தவர். உலகப் போரில் வெள்ளைக்காரர்களின் போர்க்கப்பலில் சமையல்காரராக இருந்து, கப்பல் மூழ்கியபோது கடலில் மிதந்து உயிர் பிழைத்தவர். போர் முடிந்து கிடைத்த நட்சத்திர மெடலை நத்தாருக்கு நத்தார், அதாவது ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், புளியால் துலக்கி, மறுபடியும் பெட்டிக்குள் வைத்துவிடுவார். சட்டையில் குத்தி நான் பார்த்ததில்லை.

“கடல் கண்ணுலயே படக்கூடாதுன்னுதான் மலைக்கு வந்தேன் பாப்பா” என்பார்.

எனக்கு எட்டு வயதானபோது, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும். வழியனுப்பப் போன நாங்கள் அட்டன் ஸ்டேஷனில் அழுதுகொண்டிருந்தோம். மாமாவின் பழைய கோட்டில் மெடல் மின்னியது.

“என்னங்கண்ணே, இன்னைக்குக் குத்தியிருக்கீங்க?” என்று அப்பா கேட்டார்.

“கப்பல நெனச்சாலே கையி காலு நடுங்குது தம்பி. புள்ளைங்க என் மூஞ்சியப் பாக்காம இதப் பாக்கட்டும்.”

கப்பலில் அவர் சின்ன மகளை மடியிலிருந்து இறக்கவே இல்லை என்று கூடப் போனவர்கள் பிறகு எழுதியிருந்தார்கள். அவள் அலைகளைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாளாம்.