மீட்டர் ஓடாத வீடு

ஸப்ரிக்கு எழுபத்தெட்டு வயது. அலெக்சாந்திரியா டிராமில் டிக்கெட் கிழித்தே தலை நரைத்தவர். கல்யாணமாகிக் குடிவந்த அதே மூன்றாம் மாடி வீட்டில், அதே பழைய வாடகைக்கு இருக்கிறார். மனைவி போன பிறகு தனிக்கட்டை. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு காப்பிக்கடைக்குப் போனால் டோமினோ, ஹூக்கா, சாப்பாடு எல்லாம் அங்கேயே. இருட்டியதும் வந்து படுப்பார். விளக்குப் போடமாட்டார். தன் வீட்டுச் சுவர் எங்கே இருக்கிறதென்று தெரியாதவனுக்குத்தான் விளக்கு வேண்டும் என்பது அவர் கட்சி. பிரிட்ஜ் கெட்டு வருஷக்கணக்காகிறது. அதற்குள் செருப்பு வைத்திருக்கிறார்.

அதுதான் வினையாயிற்று.

வீட்டுக்காரர் செத்து, கட்டடம் அவர் மகன் ஹாஸிம் கைக்கு வந்தது. பழைய வாடகைக்காரனைச் சட்டம் அசைக்க விடாது. ஆனால் வீடு ஒரு வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு. ஹாஸிம் கரண்ட் மீட்டரைக் காட்டி வழக்குப் போட்டுவிட்டான். வீட்டில் ஆளே இல்லையாம், கிழவர் தன் மகள் வீட்டோடு போய்விட்டாராம்.

ஸப்ரி அவனை மாடிப்படியில் மடக்கினார்.

"ஏண்டா, தினம் இதே படியில எனக்கு சலாம் சொல்றியே, அது யாருக்குடா? பேய்க்கா?"

"சலாம் வேற, சட்டம் வேற ஹாஜி. மீட்டர் சுத்தலையே!"

"மீட்டரா குடியிருக்கு? நான்டா குடியிருக்கேன்!"

"அதை ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க."

எதிர்க்கட்டடத்து நெர்மீன் வக்கீலுக்குப் படித்த பெண். அவளிடம்தான் ஓடினார்.

"கோர்ட்லேர்ந்து ஒரு அதிகாரி பாக்க வருவாரு ஹாஜி. எப்பன்னு சொல்ல மாட்டாங்க. அதுவரைக்கும் வீட்டை விட்டு நகராதீங்க. லைட் எல்லாம் எரியட்டும்."

"பகல்லயுமா? பைத்தியம்னு எழுதிடுவான்மா!"

"எழுதட்டுமே. பைத்தியமும் குடியிருக்கலாம்."

ஸப்ரி வீட்டுக்குள் அடைந்தார். அதிகாரி வரவில்லை. காப்பிக்கடையில் அவர் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டான் என்ற சேதி மட்டும் வந்தது. மகள் போனில் அழுதாள்.

"அங்க எதுக்குப்பா கிடந்து அல்லாடறீங்க? இங்க வந்துடுங்களேன்."

"வந்தா ஹாஸிம் சொன்னது நிஜமாயிடும். போனை வை!"

அடுப்பு மூட்டத் தெரியாத மனுஷன். பசித்தால் என்ன செய்வது? தெருவில் மற்ற வீட்டுப் பெண்கள் செய்வதுபோல, மனைவியின் கூடையில் கயிறு கட்டி, காசு போட்டு, பால்கனியிலிருந்து இறக்க ஆரம்பித்தார். வாட்ச்மேன் அவதல்லா காசை எடுத்துக்கொண்டு ரொட்டியும் ஃபூல் பயறும் வாங்கி வைப்பான், இவர் இழுத்துக்கொள்வார். பெண்பிள்ளை வேலை என்று முனகிக்கொண்டேதான் இழுப்பார்.

ஒரு நாள் காலை அப்படித்தான் கூடையை விட்டார். கீழே வாசலில் கோர்ட் அதிகாரி நிற்பது அவருக்குத் தெரியாது. பக்கத்தில் ஹாஸிம். எதிரே அவதல்லா, ஹாஸிம் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

"மூணாம் மாடியா சார்? ஒரு வருஷமாப் பூட்டுதான். அந்தக் கிழவரை நான் கண்ணால பாத்ததே இல்ல."

கூடை அவன் மூக்குக்கு முன்னால் வந்து ஆடியது. மேலேயிருந்து குரல் வந்தது.

"அடேய் அவதல்லா! நேத்து ஊறுகாயை மறந்துட்டியே, என் நாக்கு என்ன செத்தா போச்சு?"

அவதல்லாவின் கை தானாகப் போய்க் காசை எடுத்தது. வாயும் தானாகத் திறந்தது.

"மன்னிச்சுக்குங்க ஹாஜி! ரொட்டி ரெண்டா, மூணா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஹாஸிம் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. அதிகாரி அண்ணாந்து பார்த்தார்.

"நீங்க யாரு ஹாஜி?"

"வாடகைக்காரன்! நீ யாரு?"

அதிகாரி சிரித்துக்கொண்டே படியேறினார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், பிரிட்ஜைத் திறந்து உடனே மூடினார், ஆள் குடியிருக்கிறார் என்று எழுதிக்கொண்டார். கீழே ஹாஸிம் அவதல்லாவைக் கிழித்துக்கொண்டிருந்தான். ஸப்ரி பால்கனியில் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"அவனை அப்புறம் திட்டுடா! முதல்ல என் ரொட்டிக்கு அனுப்பு!"

வழக்கு தள்ளுபடியானது. நெர்மீன்தான் போன் செய்தாள்.

"ஜெயிச்சிட்டோம் ஹாஜி! ஆனா ஹாஸிம் அப்பீல் போறானாம். இன்னும் கொஞ்ச நாள் நீங்க வீட்லயே..."

அவள் முடிப்பதற்குள் ஸப்ரி கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கியிருந்தார். போன் மேஜைமேல் கிடந்து, "ஹாஜி? ஹாஜி?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.