சோப்பு டப்பாவுக்குள் ஓர் அண்ணன்

“பேய், பிசாசு, வால்வு ஆம்ப்ளிஃபையர்ல உயிர் இருக்குங்கற கதை, மூணும் ஒரே கம்பெனி சரக்கு. எங்கண்ணன் ஆம்ப்ல இருக்கறது மொத்தமும் இந்த டப்பாவுக்குள்ள இருக்கு. ஒண்ணு விடல!”

சொல்லிக்கொண்டே டப்பாக்காரர் சாலிடரிங் இரும்பின் முனையை ஈரப் பஞ்சில் துடைக்கிறார். ஒரு நாளைக்கு நாற்பது முறை துடைப்பார். பெருமை பேசும் நாளில் அறுபது.

டப்பா என்பது கிட்டார் பெடல். சோப்புப் பெட்டி அளவு. கிட்டாரை அதில் செருகிக் காலால் மிதித்தால், சாதாரண ஸ்பீக்கரிலும் தொண்டை கட்டியவன் உருக்கமாகப் பேசுவதுபோல் சத்தம் கரகரக்கும். இதே கரகரப்பை இயல்பாகத் தருபவை, கண்ணாடி வால்வுகள் கனலும் ஆம்ப்ளிஃபையர்கள். எங்கோ ஒரு கிழவர் வருடத்துக்கு ஆறு என்று கையால் செய்பவை. இரண்டு பேர் தூக்கினால் மூன்று முதுகு பிடித்துக்கொள்ளும். கனத்தை ஒழித்துக் குரலை மட்டும் உருவி டப்பாவில் அடைப்பது இவர் தொழில். வாங்கியவர்கள் கண்கலங்கி நன்றி சொல்கிறார்கள், பெரும்பாலும் முதுகுவலிக்காரர்கள்.

பட்டறை மூலையில் நிற்பது அண்ணனுடைய ஆம்ப். அண்ணன் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. வாசிக்கும்முன் அதன் தலையில் விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டுவாராம். உள்ளிருந்து ‘டொங், டொங்’ என்று பதில் வருமாம்.

“அதுல மர்மம் ஒண்ணுமில்ல. வால்வுக்கு வயசாயிட்டா மைக் மாதிரி ஆயிடும். தட்டினாலும் பேசினாலும் வாங்கி ஸ்பீக்கர்ல துப்பும். வெறும் கோளாறு. டப்பாவுல அதை மட்டும் எடுத்துட்டேன்.”

ஒன்றும் விடாதவர் விட்டது இந்த ஒன்றுதான். அந்த ஆம்ப் ஓடும்போது நாம் இருமினால், ஸ்பீக்கரை மூடிய துணிக்குப் பின்னால் யாரோ மெல்ல இருமுகிறார். நாற்காலியை இழுத்தால் அங்கேயும் ஒரு நாற்காலி நகர்கிறது. அந்தப் பட்டறையில் அடக்கமாக உட்கார நான் பழகிக்கொண்டது இப்படித்தான்.

டப்பா வந்தபின் ஒரிஜினல் எதற்கு என்று, பழைய சாமான் சேகரிக்கும் ஒருவருக்கு ஆம்பைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அண்ணிக்கு மனமில்லை. பந்தயம் கட்டினார்கள். போர்வைத் திரைக்குப் பின்னால் டப்பாக்காரர் இரண்டிலும் வாசிப்பார்; எது கணவருடையது என்று அண்ணி சரியாகச் சொன்னால் ஆம்ப் இங்கேயே இருக்கும்.

சேகரிப்பாளர் நம்பிக்கையோடு தள்ளுவண்டியும் கயிறுமாய் வந்து நின்றார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். ஒரே மெட்டு, இரண்டு முறை.

“முதல்ல வந்ததுதான் அவரு.”

டப்பாக்காரர் போர்வையை விலக்கினார். முதலில் வந்தது டப்பா.

“பாத்தீங்களா! இருபது வருசம் குடும்பம் நடத்தின நீங்களே ஏமாந்துட்டீங்க!”

“சரி தம்பி, தோத்துட்டேன். கொடுத்துடு.” அண்ணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “ஆனா ரெண்டாவது தடவை வாசிச்சப்ப, வாசிக்கறது நீதான்னு தெரிஞ்சுது. கூட யாரோ உக்காந்து கேட்டுக்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சு.”

“அது வால்வு கோளாறு அண்ணி.”

“இருக்கட்டுமே. உங்கண்ணன்கிட்ட மட்டும் கோளாறு இல்லாமலா இருந்துச்சு?”

அண்ணி படியிறங்கினார். ஒவ்வொரு படிக்கும் ஸ்பீக்கருக்குள் யாரோ கூடவே இறங்கினார்கள்.

சேகரிப்பாளர் கயிற்றைப் பிரித்தார். “பிளக்கைப் புடுங்கிடலாமா சார்?”

டப்பாக்காரர் டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்து மூடினார். “இதை எடுத்துட்டுப் போங்க. மொத்தமும் இதுலயே இருக்கு.”

அவர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். டப்பாக்காரர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். ஆம்பின் முன் குந்தி, அதன் தலையில் விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டி, துணியில் காதை ஒட்டிக்கொண்டார்.

இரண்டும் திரும்பி வந்தன. அவர் காதை எடுக்கவில்லை. மூன்றாவது தட்டுக்காகக் காத்திருந்தார்.