பூவாத்தாள் பூக் கேட்ட வெள்ளிக்கிழமைகள்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே கறவை மாடு வைத்திருக்கும் பூவாத்தாளுக்கு யாரைக் கண்டும் பயம் கிடையாது. முட்டுகிற மாட்டைக்கூட மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்து வந்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் முதுகெலும்பில் ஒரு எலும்பு முன்பக்கமாக நழுவி, வலி இடுப்பிலிருந்து வலது கால்வரை இறங்கியது. கோயமுத்தூர் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஆபரேசன் என்றார். "கத்தி வெக்காமச் சரியாகாதுங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

டாக்டர் பொறுமைசாலி. "ரெண்டு வழி இருக்குதுங்கம்மா. முதுகை நீளமாத் திறந்து, ஸ்க்ரூ போட்டு, எலும்புகளை ஒண்ணாச் சேத்தலாம். இல்லீனா சின்னச் சின்னத் துளை வழியா அதையே செய்யலாம். துளைன்னா ரத்தம் கம்மியாப் போகும், சீக்கிரம் எந்திரிக்கலாம். ஒரு வருசம் கழிச்சுப் பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதுன்னு யோசிச்சுச் சொல்லுங்க. ஆனாத் தள்ளிப்போடாதீங்க, நரம்பு நசுங்கிட்டிருக்குது."

கடைசியில் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. நீளமாகத் திறப்பது என்ற பேச்சுதான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

வீடு வந்ததும் கணவர் ரத்தினசாமியிடம், "ஏனுங்க, மாரியாத்தாகிட்டப் பூக் கேட்டுப் போடலாமுங்க" என்றாள். பெண் கொடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் அங்கே வழக்கம் அதுதான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். சன்னதியில் வைத்து, எது எதுவென்று தெரியாமல் ஒன்றை எடுத்தால் அதுதான் ஆத்தா உத்தரவு. வெள்ளை வந்தால் திறப்பது, சிவப்பு வந்தால் துளை.

வெள்ளை வந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியவள், "ஆத்தா தூக்கக் கலக்கத்துல சொல்லியிருப்பாளுங்க" என்று அடுத்த வெள்ளிக்குத் தள்ளினாள். அப்போதும் வெள்ளை. அதற்கடுத்தும் வெள்ளை. சாமியிடமே பேரம் பேசும் துணிச்சல் பயத்தில்தான் வரும்போல. ரத்தினசாமிக்கும் பயம்தான், ஒவ்வொரு வெள்ளிக்கும் அவரே அரளி பறித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஒரு வழியாகச் சிவப்பு வந்த அன்று பூவாத்தாள் சன்னதியிலேயே அழுதுவிட்டாள்.

மறுநாள் டாக்டரிடம், "துளை வழியாவே செஞ்சுருங்க" என்றாள். அவர் படுக்கவைத்து, "வலது பாதத்தை மேல தூக்குங்கம்மா" என்றார்.

தூக்கினாள். தூக்கிவிட்டதாகத்தான் நினைத்தாள். டாக்டர் முகம் மாறியதைக் கண்டு தலையை நிமிர்த்திப் பார்த்தால், பாதம் போட்டது போட்டபடி கிடந்தது.

"எப்ப இருந்து இப்படி?"

"தெரியலீங்களே. வலி கொறஞ்சு போச்சு, ஆத்தா கண்ணைத் தொறந்துட்டான்னு இருந்தனுங்க." எழுந்து உட்கார்ந்து பாதத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள். "பழையபடி வருமுங்களா?"

"நரம்பு செயலிழந்துட்டு வர்றதாலதான் வலி கொறஞ்சிருக்குது. முழுசா வரும்னு இப்பச் சொல்ல முடியாதுங்கம்மா. நாளைக்குக் காலையில முதல் ஆபரேசன் உங்களுக்குத்தான்."

பூவாத்தாள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எப்படி வேணாலும் திறந்துக்குங்க சாமி. நாளைக்கு வேண்டாமுங்க, இன்னைக்கே."