நானூற்றுப் பன்னிரண்டு புகார்கள்

என் அக்காவின் கணவருக்கு நான் வைத்த பெயர் தசமம். நேரில் அத்தான் என்பேன், முதுகுக்குப் பின்னால் தசமம். குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்டால் வரும், வராது என்று சொல்கிற ஆள் இல்லை. "எழுபத்தி மூணு புள்ளி நாலு சதவீதம் வரும்" என்பார். வாளியை எடுத்து வைக்க மட்டும் வர மாட்டார்.

தொலைபேசி கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையத்தில் அவர் டேட்டா அனலிஸ்ட். யாருக்கு சிக்னல் இல்லை, யாருடைய பேச்சு பாதியில் அறுந்தது என்று கம்பெனிகளுக்குப் போகும் புகார்களெல்லாம் மாதக் கடைசியில் ஒரே பட்டியலாக அவரிடம் வரும். ஆளின் பெயர் இருக்காது, ஒரு எண் மட்டும். அதை அவர் 'சுத்தம்' செய்வார். கூட்டத்தோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்பதை அவுட்லையர் என்று சொல்லித் தூக்கிவிடுவதற்குப் பெயர்தான் சுத்தம். குடித்த டம்ளரைக் கழுவாத மனிதர் பன்னிரண்டு வருடமாக நாட்டையே சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயதில் முதல் வேலை கிடைத்தது. ஒரு கண் மருத்துவமனைக்கு வரும் அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுத்து, நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். நூறு அழைப்பில் ஐந்துக்கு மேல் அறுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்பது வேறு விஷயம். அந்த வேலை கிடைத்த நாளில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் நாங்கள் மூன்று பேரும் இருக்கும் வீட்டில் தலைகீழாக நின்றாலும் சிக்னல் வராது. அடுக்களை ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் கொஞ்சம் வரும். அக்கா அப்படி நின்றுகொண்டே நோயாளிகளிடம் பேசினாள். அத்தானிடம் சொல்லிப் பார்த்தாள்.

"என்னங்க, சிக்னலே இல்லீங்க. நீங்க அந்த ஆபீஸ்லதானே இருக்கீங்க?"

"ஒரு வீட்டுக் கதையெல்லாம் டேட்டா ஆகாது. முறைப்படி புகார் பண்ணு."

அக்கா பிடிவாதக்காரி. ஒவ்வொரு அழைப்பு அறுந்ததும் கம்பெனியின் புகார் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப ஆரம்பித்தாள். அது மட்டும் எப்படியோ ஊர்ந்து போய்ச் சேர்ந்துவிடும். அதெல்லாம் கடைசியில் அத்தானின் மேஜைக்குத்தான் போகும் என்று அவளுக்குத் தெரியாது.

இரண்டாவது மாதம் முடிந்ததும் அத்தான் சாப்பிடும்போது சிரித்தார். "4471-ன்னு ஒரு ஆளு. நூத்துக்கணக்குல புகார். வேற பொழப்பே இல்ல போல."

"பாவம், மறை கழண்டிருக்கும்" என்று அக்காவும் சிரித்தாள். தான் அனுப்புவது நியாயமான புகார் என்று அவளுக்கு நினைப்பு. "என்ன பண்ணீங்க?"

"தூக்கிட்டேன்."

மூன்றாவது மாதக் கடைசியில் அக்காவின் சூப்பர்வைசர் குண்டைத் தூக்கிப் போட்டார். நூற்றுக்கு முப்பத்தொன்று அறுந்திருக்கிறது. சிக்னல் இல்லை என்ற அக்காவின் பதிலுக்கு, ஆணையத்தின் அறிக்கையையே அனுப்பி வைத்தார். அக்கா இருப்பது வட்டம் 17. அங்கே புகாரே இல்லை, நகரத்திலேயே முதலிடம். அந்த அறிக்கையைத் திருத்தி வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

அக்கா அதை அத்தானிடம் நீட்டினாள். "இது நான் பண்ணது" என்று முதலில் பெருமைப்பட்டார். அப்புறம் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் தெரு எந்த வட்டம் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. மடிக்கணினியைத் திறந்து, வட்டம் 17-லிருந்து தான் தூக்கிய 4471 எழுதியிருந்ததை முதல்முறையாகப் படித்தார். எழுத்தைக் கூட்ட முடியாது என்பதால் அந்தக் கட்டத்தை அவர் படிப்பதே இல்லையாம்.

'ஸ்டூல் மேல நின்னும் கட் ஆகுது. கால் வலிக்குது. என் வீட்டுக்காரர் போன் ஆபீஸ்லதான் இருக்கார், பிரயோஜனம் இல்ல.' அறிக்கையில் இருந்த அந்த இரண்டாவது மாதத்தில் மட்டும் இப்படி நானூற்றுப் பன்னிரண்டு.

மறுநாள் 4471-ஐத் திரும்பச் சேர்க்க அனுமதி கேட்டு அத்தான் மேலதிகாரி அம்மாவிடம் போய் நின்றிருக்கிறார். அந்த அம்மா உடனே கேட்டார்.

"4471 உங்களுக்கு யாரு?"

"மனைவி, மேடம்."

"ஊழியரோட குடும்பத்தைக் கணக்குல சேக்கக் கூடாதே. வேற யாராவது புகார் பண்ணியிருக்காங்களா?"

ஒருவரும் இல்லை. சாயங்காலம் அத்தான் எங்கள் கட்டடத்தில் கதவு கதவாகத் தட்டினார். பன்னிரண்டு வருடத்தில் யாரையும் பார்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். நானும் கூடவே போனேன், இந்தக் கூத்தை விட மனசு வரவில்லை. மூன்றாம் மாடி தையல்காரர் சொன்னார், "சிக்னல் என்னைக்குங்க இருந்துச்சு? நீங்க அந்த ஆபீஸ்ல இருக்கீங்களே, தனியா வேற சொல்லணுமான்னு விட்டுட்டோம்." பதினாலு வீட்டிலும் ஏறக்குறைய இதே பதில். அவரால் ஊர் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.

பதினாலு பேரும் அன்றைக்கே புகார் அனுப்பினார்கள். வியாழக்கிழமை கம்ப்யூட்டர் பதினாலையும் தூக்கிவிட்டது. ஒரே கட்டடம், ஒரே நாள், அதனால் கூட்டுச் சதி என்று விதி. விதியை எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை. அத்தானே திருதிருவென்று விழித்தபடி சொன்னார், "நான்தான்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கண் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. அக்கா படித்துவிட்டு, ராத்திரி அத்தான் சாப்பிட உட்கார்ந்ததும் அவரிடம் கொடுத்தாள். 'தங்கள் எண்கள் மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. குழுவின் சராசரியைக் காக்கும் பொருட்டுத் தங்களை நீக்குகிறோம்.'

அத்தான் இரண்டு தரம் படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"உங்களுக்குப் பிடிக்கும்னு தெரியும்" என்றாள் அக்கா.

எனக்கு அவரை அறைய வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவர் கண் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். எதிரே தட்டு காலியாகவே இருந்தது.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்க கணக்குல நான் எங்க இருக்கேன்?"

"எங்கயும் இல்ல."

"அப்ப முதல்ல என்னைச் சேருங்க. அப்புறம் சாப்பிடலாம்."

"வேலை போயிடும்."

"எனக்குப் போயிடுச்சே."

அவர் மடிக்கணினியை இழுத்து, நானூற்றுப் பன்னிரண்டையும் பட்டியலில் திருப்பி வைத்தார். கீழே தன் பெயரைப் போட்டு, மேலதிகாரி அம்மாவிலிருந்து கண் மருத்துவமனை வரைக்கும் எல்லோருக்கும் அனுப்பினார். எங்கள் வட்டம் முதலிடத்திலிருந்து கடைசி இடத்துக்கு வந்துவிட்டது. அக்கா திரையில் 4471 என்று தன் எண் இருந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு தரம் வாய்விட்டுப் படித்தாள். பிறகு அவருக்குச் சாப்பாடு போட்டாள்.