சாட்சி சொன்ன சனிக்கிழமை

எங்கள் வீட்டு மாடிப்படிகளில் அம்மா வழுக்கி விழுந்த அளவுக்குச் சிங்கப்பூரில் வேறு யாரும் விழுந்திருக்க மாட்டார்கள். விழுந்ததாக அம்மாதான் சொல்வாள், அதுவும் சபையில் எழுந்து நின்று.

ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நாங்கள் மூவரும் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்த்தார். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவரும் அவர்தான். அவர் குரல் எழும்பினால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். வீட்டில் அவருக்குக் குரல் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. குழம்பில் உப்பு கூடினாலும் சரி, ஆபீசில் துரை கடிந்துகொண்டாலும் சரி, இடுப்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றுவார். குடிப்பழக்கம்கூடக் கிடையாது. இருந்திருந்தால் பழியை அதன் தலையில் போட்டுவிட்டு அவரை நான் மன்னித்திருப்பேன்.

அம்மா திருப்பி ஒரு வார்த்தை பேச மாட்டாள். எல்லாம் முடிந்தபிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என் தலையை வாரிவிடுவாள். "கர்த்தர் பார்த்துக்கிட்டுத்தான்டி இருக்காரு" என்பாள். வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதற்குக் கர்த்தர் எதற்கு, எதிர் மாடியில் துணி காயப்போடும் சீனத்து அம்மாவே போதுமே என்று எனக்குத் தோன்றும். எனக்கு எட்டு வயது. வாய் சற்று நீளம் என்றாலும் இதை மட்டும் வெளியே சொன்னதில்லை.

சனிக்கிழமை மாலைகளில் கோயில் கூடத்தில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு சாட்சி நேரம். அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை ஒவ்வொருத்தியாக எழுந்து சொல்ல வேண்டும். ஒருத்திக்குக் காய்ச்சல் விட்டிருக்கும், இன்னொருத்தியின் மகன் பரீட்சையில் தேறியிருப்பான். அம்மா மாதத்துக்கு இரண்டு முறையாவது எழுந்திருப்பாள். "புதன்கிழமை மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன். கர்த்தர் ஒரு எலும்பும் முறியாமக் காப்பாத்தினாரு. ஸ்தோத்திரம்." கூடமே "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். படிக்கட்டு அலுத்துப்போனால் குளியலறை. ஒரு முறை கிணற்றடி என்றுகூடச் சொன்னாள். எங்களுக்குக் கிணறே கிடையாது, முனிசிபல் குழாய்தான்.

இப்படி அம்மா விழுந்த வாரங்களில் எனக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்துவரும். அடுத்த நாலைந்து நாட்கள், அப்பா வேலை முடிந்து வரும் நேரமாகப் பார்த்து, போதகரம்மாவும் ஆஸ்பத்திரிப் பெரியம்மாவும் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்துவிடுவார்கள். பெரியம்மா எங்களுக்கு உறவில்லை. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த விதவை, இரண்டு சந்து தள்ளி இருந்தார். நோயாளிகளைத் தூக்கித் தூக்கித் திரண்ட தோள்கள் அவருக்கு. இரண்டு பேரும் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து பாடுவார்கள், ஜெபிப்பார்கள், மறுபடியும் பாடுவார்கள். அப்பா அவர்களைப் பார்த்துச் சிரித்து, கோப்பி குடித்து, கொட்டாவி விட்டு, படுக்கப் போவார். அதற்குப் பிறகுதான் அவர்கள் எழுந்திருப்பார்கள். முழங்காலில் நின்று நின்று எனக்குத்தான் கால் மரத்துப்போகும். இவர்களுக்கு வீடு வாசல் இல்லையா என்று மனத்துக்குள் திட்டுவேன்.

இதற்கிடையில் ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஒன்பதாவதில் நான் நின்றுவிட்டேன். பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதாம். சொல்கிறவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். ஆசிரியர் தயங்காமல் நரகம் என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"சாட்சின்னா என்னம்மா?"

"கண்ணால பாத்ததைச் சொல்றது" என்றாள், வெங்காயம் உரித்தபடி.

நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். அம்மா எத்தனை முறை விழுந்திருக்கிறாள்! அத்தனையும் பொய்ச்சாட்சி. அப்பா சொர்க்கத்தில் வேதபாடம் வாசித்துக்கொண்டிருக்க, அம்மா நரகத்தில் கிடப்பாள். அவளைக் காப்பாற்ற என்னை விட்டால் ஆள் இல்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா வழக்கம்போல் படியில் விழுந்துவிட்டு உட்கார்ந்தாள். நான் எழுந்தேன். "அம்மா விழல. அப்பா பெல்ட்டால அடிச்சாரு. நான் கண்ணால பாத்தேன். ஸ்தோத்திரம்."

பழக்க தோஷத்தில் இரண்டு மூன்று பேர் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டார்கள். ஆச்சரியப்படுவார்கள் என்று நினைத்தேன். யாருமே ஆச்சரியப்படவில்லை, தலையைத்தான் குனிந்துகொண்டார்கள். போதகரம்மா அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார்.

வழியெல்லாம் அம்மா என் கையை விடவில்லை, திட்டவும் இல்லை. நரகத்திலிருந்து மீட்டவளுக்கு ஒரு நன்றியாவது சொல்லலாம் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

விஷயம் மறுநாளே அப்பாவின் காதுக்குப் போய்விட்டது. அன்றைக்கு அவர் யாரையும் அடிக்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "இனிமே சனிக்கிழமை கூட்டத்துக்குப் போக வேணாம். அந்தப் பொம்பளைங்களும் இங்க வர வேணாம்."

அவர்கள் வரவில்லை. என் கால்களுக்கு நல்ல ஓய்வு. ஆனால் அம்மாவுக்கு அந்த மாதம் போல் ஒரு மாதம் அதற்கு முன் வந்ததில்லை. அதை எழுத எனக்கு இன்றும் மனம் வரவில்லை. அவள் மட்டும் கட்டிலோரம் முழங்காலிட்டு, கர்த்தாவே, யாரையாவது அனுப்பும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தாள். கர்த்தர் தானே வராமல் ஏன் ஆளை அனுப்ப வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு நாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது அம்மாவின் ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது. என்னைக் கிட்டே அழைத்தாள்.

"பெரியம்மா வீட்டுக்குப் போ. அம்மா படியில விழுந்துட்டாங்கன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லக் கூடாது."

சந்து முழுவதும் ஒன்பதாவது கட்டளையோடு மல்லுக்கட்டிக்கொண்டே போனேன். பெரியம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "அம்மா படியில விழுந்துட்டாங்க" என்றேன். எந்தப் படி என்றோ, எப்படி என்றோ அவர் கேட்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். "வா லா, போவோம்" என்று பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். அரிசி அப்படியே கிடந்தது.

அப்பா வந்தபோது பெரியம்மா நடுவீட்டில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். "யாரு உங்கள வரச் சொன்னது?" என்றார் அப்பா.

"கர்த்தர்தான் தம்பி. விழுந்தவங்களப் பாக்காமப் போக முடியுமா? நீங்க போய்ப் படுங்க." கீழே மளிகைக் கடைக்கே கேட்கும்படி ஒரு பாட்டை எடுத்தார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். அதன்பின் பெரியம்மா தினமும் வந்தார். அப்பா மாறிவிடவில்லை. ஆனால் பெரியம்மா உட்கார்ந்திருந்த மாலைகளில் அவர் பெல்ட்டைக் கழற்றவில்லை.

பெரியம்மாவைக் கூட்டி வந்த அன்றைக்கு நான் மூலையில் முழங்காலிட்டு, பெரியம்மாவிடம் பொய் சொன்னதற்காகக் கர்த்தரிடம் அழுது மன்னிப்புக் கேட்டேன். சபையில் எழுந்து நின்று நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.