காசில்லாத ஊசி

எனக்குப் பதினேழு வயது நடக்கும்போது சர்க்கரை வியாதி வந்தது. குளத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன், தாகம் அடங்கவில்லை. மூன்றே மாதத்தில் ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போகும்படி இளைத்துவிட்டேன். ஊர் வைத்தியர் ஆவாரம்பூக் கஷாயம் கொடுத்துப் பார்த்தார். ஒரு நாள் கடலைக் கொல்லையில் மயங்கி விழுந்தவளை அப்பா மாட்டுவண்டியில் போட்டுப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்தார்.

சமஸ்தானத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தேன். டாக்டர் அப்பாவிடம் பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ஒங்க மகளுக்கு இந்த ஊசி ஆயுசு பூரா வேணும். வெளியில வாங்கிக் கட்டுப்படியாகாது. இங்க காசு கிடையாது. ஆனா புட்டியை வீட்டுக்குத் தரமாட்டோம். தெனம் காலையில அவங்க இங்க வரணும்."

அந்த ஏற்பாட்டில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. சீமையிலிருந்து கப்பலில் வருகிற மருந்து. ஒரு புட்டியை நாலைந்து பேருக்குப் பங்கிட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து தினம் வந்துபோக வண்டியும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. அதனால் அப்பா ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு வக்கீல் குமாஸ்தா வீட்டுக் கொல்லைப்புறத்து அறையில் என்னைக் குடிவைத்தார். வாடகைக்குப் பதிலாக அந்த வீட்டுக்கு நான் மாவரைத்துக் கொடுக்க வேண்டும். தினமும் ஒரு படி அரிசி அரைத்தேன். அதில் ஒரு இட்லிகூட நான் தின்னக்கூடாது. எனக்குக் கேழ்வரகுக் களியும் கீரையும் மோரும்தான்.

முதல் வருஷம் அப்பா அமாவாசைக்கு அமாவாசை வந்தார். ஆத்தா கீரைவிதையும் வறுத்த கடலையும் கொடுத்தனுப்புவாள். அப்புறம் நடவு, அறுவடை என்று அவர் வருவது தள்ளிப்போயிற்று. பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனதில்லை. பொங்கலன்றும் ஊசி உண்டு. தங்கைக்குக் கல்யாணமானதையே எட்டு நாள் கழித்துத்தான் அப்பா வந்து சொன்னார். முன்பே சொன்னால் நான் வரப்பார்ப்பேன், வந்தால் உயிருக்கு ஆபத்து என்று மறைத்தாராம். என் கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சாயங்காலம் விளக்கேற்றினால் அந்த அறையில் என்னோடு பேச ஆள் கிடையாது. குமாஸ்தா வீட்டம்மா நல்லவர்தான். ஆனால் வியாதி ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து பேச்சைக் கொல்லைக் கதவோடு நிறுத்திக்கொள்வார்.

நான் பேசிப் பழகியது, அக்கா என்று நான் கூப்பிட்ட ஒருவரிடம்தான். ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காத்திருக்கும் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்காருவார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், குழந்தை இல்லை. அறந்தாங்கிச் சாலையில், சமஸ்தான எல்லையைத் தாண்டி இரண்டு மைலில் அவர் ஊர். அது சமஸ்தானத்தில் சேராத, வெள்ளைக்காரன் ஆண்ட சீமை. தினமும் முதல் பஸ்ஸில் வந்து, ஊசி போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் திரும்புவார்.

சீசாவில் கொண்டுபோகும் சிறுநீரில் கம்பவுண்டர் நீல மருந்தை விட்டுக் காய்ச்சுவார். நீலம் மாறாமல் இருந்தால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறமானால் ஜாஸ்தி. என்னுடையது செங்கலாக மாறும் நாட்களில் அக்கா என் காதோரம் குனிந்து, என்னத்தைத் திருடித் தின்றாய் என்று கேட்பார். ஒரு முறை வெல்லம் என்று ஒப்புக்கொண்டேன். அவரும் முந்தின நாள் அதையே தின்றதாகச் சொன்னார். ஊசி போட்டதும் பசி எடுக்கும். வேப்பமரத்தடியில் அவர் கொண்டுவரும் கேழ்வரகு ரொட்டியை ஆளுக்குப் பாதியாகத் தின்போம். ஒரு நாளில் நான் வாய்விட்டுப் பேசியது அந்த அரை மணி நேரம் மட்டும்தான்.

நோட்டில் உள்ளூர் விலாசம் இருக்க வேண்டும் என்பதால் அக்கா முதலில் டவுனில் இருந்த தன் சித்தி வீட்டு விலாசத்தைத்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார். சித்தி இறந்து வீடு கைமாறியதும், என் அறையில் தங்கியிருப்பதாக எழுதிக்கொள்ளச் சொல்லலாமா என்று என்னைக் கேட்டார். நான் சரி என்று தலையாட்டினேன். அப்போது அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஜெர்மன்காரனோடு சண்டை வந்த பிறகு கப்பல்கள் சரியாக வரவில்லை. மருந்து குறைந்தது. பஸ்கள் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடின. இருக்கிற மருந்து சமஸ்தானத்துக் குடிகளுக்கு மட்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு காலை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த ஒரு குமாஸ்தா, பெரிய நோட்டை எடுத்துக்கொண்டு பெஞ்சருகே வந்து ஒவ்வொருவரையும் விசாரித்தார். அக்காவின் விலாசமும் என் விலாசமும் ஒன்றாக இருந்ததால் என் பக்கம் திரும்பினார்.

"இந்தம்மா ஒங்க கூடத்தான் தங்கியிருக்காங்களா? பாத்துச் சொல்லுங்க. பொய்யின்னா ரெண்டு பேர் பேரையும் அடிச்சிருவேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடலைக் கொல்லையில் விழுந்து கிடந்ததும், மூச்சு வாங்கியதும் ஞாபகத்துக்கு வந்தன.

"இல்லைங்க" என்றேன்.

அன்றைக்கு மட்டும் அக்காவுக்கும் ஊசி போட்டார்கள். வேப்பமரத்தடியில் வழக்கம்போல ரொட்டியைப் பிட்டு என் பங்கைக் கையில் வைத்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஹாரன் கேட்டது.

"பஸ்ஸு போயிரும். வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்.

மறுநாள் பெஞ்சில் அவர் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஊசி தவறாமல் கிடைத்தது. வேப்பமரத்துப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். காலை ஆஸ்பத்திரி, பிறகு ஆட்டுக்கல், பிறகு அறை. கம்பவுண்டர் கேட்பதற்குப் பதில் சொல்வதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் வாரக்கணக்கில் கழிந்தது. அக்காவின் ஊர் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான். ஊசி போட்டுக்கொண்டு கிளம்பினால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். ஆனாலும் போவதற்கு எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

ஐப்பசியில் போனேன். ரோட்டோரம் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். வாசலில் அவர் வீட்டுக்காரர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். வண்டியோட்டிப் பிழைப்பவர். வண்டி நின்றது, மாடுகளைக் காணவில்லை. ஆஸ்பத்திரியில் அக்காவோடு ஊசி போட்டுக்கொண்ட பெண் என்று சொன்னேன். எழுந்து பலகை எடுத்துப் போட்டார்.

அவர் மெதுவாகச் சொன்னார். மாட்டை விற்றுத் தஞ்சாவூர் போய் மருந்து வாங்கி வந்தாராம். சண்டைக் காலத்தில் அங்கேயும் சரக்கு இல்லை. கிடைத்ததை முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டார்களாம், பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. காலில் ஒரு சின்னப் புண் வந்தது, ஆறவில்லை. புரட்டாசியில் உயிர் போய்விட்டதாம்.

உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னேன்.

"அன்னைக்கு இல்லைன்னு சொன்னது நான்தாங்க."

"தெரியும். அது வந்து சொல்லுச்சு" என்றார். கயிற்றைச் சுருட்டி வைத்தார். வெயிலைப் பார்த்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க. காலையில ஊசி இருக்குல்ல ஒங்களுக்கு."

அவர் அதைக் கரிசனத்தோடு சொன்னாரா, வேறு விதமாகச் சொன்னாரா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை போய்க் கையை நீட்டினேன்.

சண்டை முடிந்தது. சமஸ்தானமும் இந்தியாவோடு சேர்ந்தது. எல்லை என்று ஒன்று இல்லாமல் போனதால் அறந்தாங்கிப் பக்கத்து ஆட்களும் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். எந்தச் சீமை என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா இருந்திருந்தால் அப்போது முப்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது.

அதற்கடுத்த வருஷம் புட்டியையும் ஊசியையும் என் கையிலேயே கொடுத்தார்கள். நானே போட்டுக்கொள்ளப் பழகியிருந்தேன். ஈரத்துணி சுற்றிய மண்கலயத்தில் புட்டியை வைத்து ஊருக்குக் கொண்டுபோனேன். ஆத்தா போய் இரண்டு வருஷமாகியிருந்தது. அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. தம்பி பெண்சாதி என்னை நடுவீட்டில் பாய்விரித்து உட்காரவைத்து, என்ன சாப்பிடுவீங்க, என்ன சாப்பிடக்கூடாது என்று வேளைக்கு வேளை மரியாதையாகக் கேட்டாள். பிள்ளைகள் கதவருகே நின்று, நான் ஊசி போட்டுக்கொள்வதை வேடிக்கை பார்த்தன. இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் காலை ஊசியைப் போட்டுக்கொண்டு, அப்பாவிடம் சொல்லிவிட்டு, கலயத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கே திரும்பிவிட்டேன்.