கடலைச் செடிமேல் வெள்ளைத் துணி

மார்கழிப் பனியில், விடிகாலை நாலரை மணிக்குக் குஷாய்குடாவிலிருந்து கிளம்பினோம். கார் ஓட்டியது அக்கா மகள் ஷீபா. பக்கத்தில் அவள் அப்பா, என் அத்தான், மன்னார்குடிப் பக்கத்துக்காரர். பின்சீட்டில் பிஸ்கட்டும் சால்வையுமாக நான். போகிற இடம் ஜகீராபாத் தாண்டி ஒரு தெலுங்குக் கிராமம், சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். கொண்டாப்பூரில் பார்த்த ஐடி வேலையை விட்டுவிட்டு அங்கே சொந்த நிலத்தில் விவசாயம் செய்கிற பிரவீணைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள் ஷீபா. பையனை அத்தானுக்குப் பிடித்துவிட்டது. ஊர்தான் பிடிக்கவில்லை, அதுவும் பார்க்காமலே. "ஆறு இல்ல, வாய்க்கால் இல்ல. வறட்டு மேட்டுல கொண்டுபோய்ப் பொண்ணைத் தள்ளச் சொல்றியா?" என்று ஒரு மாதமாக இதே பாட்டு. இன்று நேரில் பார்த்து முடிவு சொல்வதாகப் பேச்சு.

பட்டான்செருவில் டீ, பதினைந்து ரூபாய். ஷிஃப்ட் முடிந்தவர்கள் ஷேர் ஆட்டோவில் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் ஊர் விலகி வானம் வந்துவிடுகிறது. மலை என்று எதுவும் கண்ணில் படாது, ஆனாலும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறோம். மட்டமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டே நம்மை உயரத்துக்குக் கொண்டுபோகிற பூமி இது. வெளிச்சம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பக்கம் செக்கச்செவேல் மண், மறுபக்கம் கன்னங்கரேல் மண். துவரை, சோளம், கரும்பு, நடுநடுவே எண்ணெய்க்கு விதைத்த குசும்பாப் பூ மஞ்சளாக. "பாருங்க அத்தான், பாருங்க" என்று நான் தொணதொணத்ததில் அவர் ஜன்னலை ஏற்றிவிட்டார்.

ஏழு மணிக்குப் பிரவீண் வயலோரம் காத்திருந்தான். இடுப்புக்குக் கீழே பச்சைக் கொண்டைக்கடலை, அதன்மேல் வரிசையாக வெள்ளைத் துணிகள். அத்தான் முகம் கறுத்துவிட்டது.

"பயிர் மேலயா துணி காயப்போடுவாங்க? சோறு போடுற செடி இது, விமலா" என்றார் என்னிடம்.

பிரவீணுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அத்தானின் கோபம் புரிந்தது. ஒரு துணியை எடுத்துக் கிண்ணத்தில் பிழிந்தான். கொட்டியது தண்ணீர். இராத்திரிப் பனி இலையின் புளிப்பைக் கரைத்துத் துணியில் இறக்குமாம், ரசத்துக்கும் வயிற்றுவலிக்கும் எடுத்துவைப்பார்களாம். ஷீபா சொல்லச் சொல்ல அத்தான் விரல்விட்டு நக்கினார். முகம் எட்டுக் கோணலாகியது. மறுபடியும் நக்கினார்.

"சரி, மோட்டார் எங்க?"

"மோட்டார் லேது அங்கிள்" என்றான் பிரவீண். "இல்லையாம் டாடி. மழைல நிலம் குடிச்சதுதானாம்" என்றாள் ஷீபா.

அவர் நம்பவில்லை. வேட்டியை மடித்துக் குந்தி, கரிசல் வெடிப்பில் முழங்கைவரை கையைவிட்டு மண்ணை அள்ளினார். பிடித்தால் உருண்டையாக நின்றது.

"மேட்டூர் எப்பத் திறப்பான்னு ஆயுசு பூரா காத்துக் கிடந்தோம். இது குடிச்சதை வயித்துலயே வச்சிருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்து மணிக்குக் கிளம்பும்போது ஷீபா கார்ச் சாவியை உருட்டிக்கொண்டு கேட்டாள். "டாடி, எஸ்ஸா, நோவா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. பிரவீணிடம் தன் அரைகுறைத் தெலுங்கில் அறுப்பு எப்போது முடியும் என்று விசாரித்தார். பிப்ரவரி கடைசி என்றான்.

"அப்ப ஈஸ்டர் கழிச்சு வச்சுக்கலாம். அறுப்பு நேரத்துல மாப்பிள்ளை நிலத்துலதான் இருக்கணும்."

ஷீபா சாவியை என் கையில் திணித்துவிட்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு ஓட்டத் தெரியாது. அவள் அழுது முடிக்கட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தோம், நானும் பிரவீணும். அத்தான் மறுபடி வயலில் இறங்கிவிட்டார்.